நாலு நொடித் திருடன்

என் மாமனாருக்கு ஒரு காதலன் இருந்தான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காதலன் நல்ல கறுப்பு. நான்கு கை. கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் குடியிருந்தான். மாமனாருக்கு எழுபத்தொரு வயது, நரைத்த மீசை, எண்பத்து நான்கு கிலோ எடை. மின்சார அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் ஒயரிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பக்திக் கவிதையில் இது பழைய வழக்கம்தான். எழுதுகிறவன் எத்தனை பெரிய மீசைக்காரனாக இருந்தாலும் கடவுளிடம் பேசும்போது பெண்ணாகிவிடுவான். கடவுள் காதலன், இவன் காதலி. அவன் வர மாட்டான். இவள் தூங்க மாட்டாள், சாப்பிட மாட்டாள், உடம்பு வெளுக்கும், கை மெலிந்து வளையல் கழன்று விழும். மாமனார் இந்த வழக்கத்தை மின்சார விதிமுறைப் புத்தகத்தைப் போல வரி விடாமல் பின்பற்றினார். நாற்பது வருடத்தில் ஆயிரத்துப் பன்னிரண்டு பாட்டு. எல்லாம் நீல அட்டை நோட்டுகளில், தேதியும் நேரமும் போட்டு. அவற்றைச் சுத்தப் பிரதி எடுப்பது என் வேலை. நான் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதை, நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரமே கவனித்துவிட்டார்.

அத்தைக்கு இந்தக் காதலில் பெரிய மரியாதை கிடையாது.

"வளையல் கழலுதாமா இன்னைக்கும்?" என்று சமையலறையிலிருந்தே கேட்பார். "வாட்ச் பட்டை கடைசி ஓட்டைக்கு வந்தாச்சு. ஆணி வச்சு இன்னொரு ஓட்டை போட்டுக் குடுன்னு நேத்துதான் என்கிட்ட கேட்டாரு. அந்தப் பாட்டை எழுதச் சொல்லும்மா அவரை."

மாமனார் கோபிக்க மாட்டார். ஏனென்றால் அவருக்கே தெரியும். ஒரு முறை என்னிடம் சொன்னார்: "பாட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. எதுகை சரி, மோனை சரி. ஒயரிங் மொத்தமும் சரி. கரண்டுதான் வரல."

கரண்டு ஐந்து மாதத்துக்கு முன்பு வந்தது.

அன்று காலை கூடத்தில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நாற்காலி முதுகைப் பிடித்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கண் மூடியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். திறந்தபோது, முதல் சம்பளம் வாங்கிய பையனைப் போலச் சிரித்தார்.

"வந்துட்டான்மா," என்றார்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு தினமும். மயக்கம் வந்தது. பெருமூச்சு வந்தது. நாலு படி ஏறினால் நின்றார். சாப்பாடு இறங்கவில்லை, மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்து, வாட்ச் பட்டை இரண்டு ஓட்டை பின்னால் போனது. காதலிக்கு என்னென்ன நேரும் என்று பாட்டுகளில் சொல்லியிருக்கிறதோ, அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு நேர்ந்தது. அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்பு மையில் டிக் அடித்தார். முப்பத்து நான்கு வருடம் இன்ஸ்பெக்ஷன் செய்த கை அது.

இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. பாட்டுகளும் நன்றாக வந்தன. அதுவரை அவர் பாட்டுகளை, கம்ப்ரஸர் புகார்களுக்குப் பதில் எழுதுகிற அதே வேகத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஆயிரத்து ஒன்பதாவது பாட்டில் என் பேனா நின்றது.

"உன்பேர் சொல்லத் தொடங்கினேன்;
பாதியில் நான் இல்லை.
மீதிப் பேரைச் சொன்னது யார்?"

இதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் அதிசயமாக ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. "நல்லாத்தான் இருக்கு. அதான் எனக்கு பயமா இருக்கு," என்றார்.

மறுவாரம் மாமனார் குளியலறையில் விழுந்தார். வாளிமேல் விழுந்ததால் வாளி இரண்டாகப் பிளந்தது, இவருக்கு நெற்றியில் கீறலோடு போயிற்று. ஈரத் தரையில் கால் ஊன்றி அவரைத் தூக்கியதில் அத்தையின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மறு கையால் டாக்டருக்கு போன் போட்டார்.

மாமனார் துண்டால் தலையைத் துவட்டியபடி சிரித்தார். "கூப்பிடு, கூப்பிடு. இதுவும் பாட்டுல வர்றதுதான். பொண்ணுக்குக் காதல் வந்து மயங்கி விழுவா. தாய் அதை நோய்னு நினைச்சு வைத்தியனைக் கூப்பிடுவா. பக்கத்துல தோழி ஒருத்தி இருப்பா, அவளுக்குத்தான் உண்மை தெரியும். தாய்க்கு ஒண்ணும் தெரியாது. அதான் விதி."

"நான் தாயா?" என்றார் அத்தை.

"இப்ப அந்த இடத்துல நீதான்."

"நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நல்ல ப்ரமோஷன்தான் குடுத்தீங்க. சட்டையை மாட்டுங்க, கிளம்பலாம்."

வைத்தியம் பலிக்காது என்று நிரூபிப்பதற்காகவே அவர் சட்டையை மாட்டினார்.

இதய மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவர் மார்பில் ஐந்தாறு இடத்தில் ஒயர்களை ஒட்டி, தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை இடுப்பில் கட்டிவிட்டார். இருபத்துநாலு மணி நேரமும் அது இதயத் துடிப்பைப் பதிவு செய்யும். கூடவே ஒரு தாள். நேரம், செய்துகொண்டிருந்தது, உணர்ந்தது என்று மூன்று கட்டம். "மயக்கமோ படபடப்போ வந்தா, டைம் போட்டு என்ன தோணுச்சோ அதை எழுதுங்கய்யா," என்றார் நர்ஸ்.

ஒரு கவிஞரிடம் தாளைக் கொடுத்து, என்ன தோன்றியதோ அதை எழுதச் சொன்னது யார் தப்பு என்று நான் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். சிரிக்க நேரமில்லாத முகம்.

"காலை பத்து நாற்பது," என்று படித்தார். "'வந்தான். சாளரத்தோரம் நின்றான். என்னை எடுத்துக்கொண்டான். திருப்பித் தந்தான்.'" மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அத்தையைப் பார்த்தார். "அந்த நேரத்துல வீட்டுக்கு யாரும்மா வந்தா?"

"சிலிண்டர் போடறவருதான் வந்தாரு டாக்டர். அவரு சாளரத்தோரம் எல்லாம் நிக்க மாட்டாரு. அவருக்கு நாலு வீடு பாக்கி இருக்கும்."

"ஐயா, இந்த 'வந்தான்' யாரு?"

மாமனார் மீசையைத் தடவினார். கன்னத்தில் ஒரு கூச்சம். "காதலன்," என்றார்.

டாக்டரம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"கடவுளைச் சொல்றாரு டாக்டர்," என்றார் அத்தை அவசரமாக. "நீங்க பயப்படாதீங்க."

"கடவுள்னா நான் பயப்படத்தான் வேணும். என் வார்டுப் பக்கம் அவரு நல்லதுக்கு வந்து நான் பார்த்ததில்ல." டாக்டரம்மா வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். கோடு மேலும் கீழும் தாவித் தாவி வந்து, ஓரிடத்தில் தரையில் படுத்துவிட்டது. "பத்து நாற்பது. இங்க பாருங்க. நாலு செகண்டு இதயம் அடிக்கவே இல்ல. ஒண்ணு அஞ்சு, 'மறுபடி வந்தான்'னு எழுதியிருக்கீங்க. மூணே முக்கால் செகண்டு. அவரு வர்றப்பல்லாம் உங்க இதயம் நின்னுருக்கு ஐயா."

"அப்படித்தானே இருக்கணும்!" என்றார் மாமனார். அவருடைய ஆயிரத்துச் சொச்சம் பாட்டுகளுக்கும் அரசாங்க முத்திரை கிடைத்தது போல முகம் மலர்ந்தது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் போக வேண்டும். நடுவில் உள்ள பாதை பழுதாகி, சில சமயம் போகிறது, சில சமயம் போகவில்லை.

மாமனாரின் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. "லூஸ் கனெக்ஷனா?" என்று கேட்டார்.

"அதேதான்."

வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் அவர் வாதாடியிருப்பார். இது அவருடைய சொந்த வார்த்தை.

கழுத்தெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் என்ற சிறிய பெட்டியை வைத்து, அதிலிருந்து ஒயர் இதயத்துக்குள் போக வேண்டும் என்றும், பத்து நாளுக்குள் செய்யாவிட்டால் ஏதாவது ஒரு நாலு செகண்டு நீண்டுகொண்டே போய்விடும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். சம்மதப் படிவமும் தந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மாமனார் அதை மடித்து நீல நோட்டுக்குள் வைத்து, நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அவன் குடியிருக்கிற இடம் அது. அங்க மெஷின் வைக்க முடியாது," என்றார்.

"குடியிருக்கிறவன் ஒயரிங்கைச் சரி பண்ணாதீங்கன்னு சொல்வானா?" என்றார் அத்தை. "ஊர்ல ஒரு வீட்டுல எர்த் சரியில்லைன்னா கையெழுத்து போட மாட்டேன்னு குதிச்ச மனுஷன் நீங்க. இப்ப உங்க வீட்டு ஃப்யூஸ் போகுது, பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அத்தை துணி காயப்போட மாடிக்குப் போன பிறகு மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"நாப்பது வருஷம் கரண்டே இல்லாத வீடும்மா இது. இப்பதான் ஒரு விளக்கு எரிஞ்சுது. அது லூஸ் கனெக்ஷன்ல வந்த வெளிச்சம், அணைச்சிடுங்கன்னு சொல்றாங்க. அணைச்சப்புறம் நான் என்ன பண்றது? மறுபடியும் பழைய மாதிரி எதுகை பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நீதான் தோழி. தோழி பொய் சொல்ல மாட்டா. சொல்லு, இது நோயா, காதலா?"

எனக்கு வாயில் வந்தது அலுவலகத்து வாக்கியம்தான். "பரிசீலிச்சுச் சொல்றேன் மாமா."

பத்தில் நாலு நாள் போயிற்று. இரண்டு முறை நாற்காலியைப் பிடித்தார். ஒரு முறை நாற்காலி அருகில் இல்லை, அத்தை இருந்தார்.

ஐந்தாம் நாள் அத்தை எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முழங்கை வரை சோப்பு நுரை.

"ஒரு லெட்டர் எழுதணும். உங்க ஆபீஸ்ல எழுதற மாதிரி."

"யாருக்கு அத்தை?"

கூடத்துச் சுவரை மோவாயால் காட்டினார். "அவனுக்கு."

"பொருள்னு ஒரு வரி போடணுமே?"

"என் பொண்ணு சம்பந்தமானு போடு." பிறகு யோசித்தார். "வேண்டாம். பாட்டாவே எழுதிக்க. அவரு மதிக்கிறது அதைத்தான். தாய் சொல்றதா ஒரு பாட்டு வருமாமே? என்னைத் தாய்னு சொன்னாருல்ல? தாய் பேசறேன்."

நாற்பது வருடம் சமையலறையிலிருந்து கேட்ட காது அது. ஒரு வரிக்கும் நிற்கவில்லை. நான்தான் மெதுவாகச் சொல்லச் சொன்னேன்.

"எழுபத்தொரு வயசாச்சு என் பொண்ணுக்கு, மீசையும் நரைச்சாச்சு.
விழுந்தா பிடிக்க ஆள் வேணும். நீ என்னைக்குப் பிடிச்ச?
வாளிமேல சாய்ஞ்சப்போ வாய் கூப்பிட்டது உன்னை;
ஓடி வந்து தூக்கினது யாரு? இடுப்பு வலி யாருக்கு?
கூட்டிக்கிட்டுப் போறதுன்னா வாசலுக்கு வா, என்கிட்ட கேளு.
நாலு நொடி நாலு நொடியாத் திருடிக்கிட்டுப் போகாதே."

சொல்லி முடித்துவிட்டு, "'கள்ளப்பய'ன்னு ஒண்ணு சேர்க்கலாமா?" என்று கேட்டார்.

"மீட்டர் இடிக்கும் அத்தை."

"சரி, விட்டுடு."

தாளை மாமனாரின் மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போனார். சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. மாமனார் பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் வரியில் 'மீசையும்' என்பதை 'மீசை' என்று திருத்தினார். இரண்டாம் வரிக்குப் போனார். மூன்று, நான்கு. பேனா கடைசி வரிமேல் வெகுநேரம் நின்றது. திருத்தவில்லை.

"இதெப்படி வந்துச்சு இவளுக்கு?" என்றார். குரலில் பாதி பொறாமை. "ஆயிரத்துப் பன்னெண்டு எழுதியிருக்கேன், ஒண்ணுலகூட இப்படி ஒரு வரி விழல."

பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல் கேட்டார். "அப்ப எல்லாமே நாலு நாலு செகண்டுதானாம்மா? ஒண்ணுகூட அவன் இல்லையா?"

புகார் வந்தால் முதலில் ஆவணங்களை ஒப்பிட வேண்டும். இதை நான் நாலு நாள் முன்பே செய்திருக்க வேண்டும். மருத்துவமனை தந்த பிரதிகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். இடது பக்கம் அவர் எழுதிய தாள், வலது பக்கம் இதயம் நின்ற நேரங்களின் பட்டியல். அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தேன். 'வந்தான்', 10.40, நின்றது. 'மறுபடி வந்தான்', 1.05, நின்றது. 'என் பேர் எனக்கு மறந்தது', 2.30, நின்றது. அவர் எழுதியது பதினொன்று. கோடு பத்துதான் வந்தது.

"மாமா, நாலேகால் மணிக்கு நேரே ஒண்ணும் இல்லையே."

அந்தக் கட்டத்தில் அவர் எழுதியிருந்தது இது: 'ஒன்றும் இல்லை. மின்விசிறி ஓடுகிறது. அவன் இருக்கிறான்.'

"அது சும்மா எழுதினதும்மா," என்றார். "மயக்கம் கியக்கம் ஒண்ணும் வரல. கட்டம் காலியா இருந்துச்சு, எழுதி வச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தாளை வாங்கி, கண்ணுக்கு அருகே பிடித்தார். "டாக்டர்கிட்ட கேக்கணும்."

மறுநாள் மூவரும் போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் நாலேகாலைத் தேடி எடுத்தார். கோடு ஒழுங்காக, சலிப்பூட்டும் அளவுக்கு ஒழுங்காக ஓடியது.

"நிமிஷத்துக்கு எழுபது. கடிகாரம் மாதிரி அடிக்குது. இங்க ஒரு குறையும் இல்ல."

"அப்ப அது என்ன டாக்டர்?"

"எனக்குத் தெரியாதுங்கய்யா. இந்தக் கோட்டுல தெரியற கோளாறுக்குத்தான் எனக்கு வைத்தியம் தெரியும்."

"பெட்டி வச்சா அதுவும் போயிடுமா?"

டாக்டரம்மா முதன்முறையாகச் சிரித்தார். "இதயம் தானா அடிக்கிறப்போ பெட்டி வாயே திறக்காது. நிக்கறப்போ மட்டும்தான் நடுவுல வரும்."

"ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர்," என்றார் மாமனார்.

"அப்படியே வச்சுக்கங்க."

"பேட்டரி எத்தனை வருஷம் வரும்?"

"பத்து வருஷம்."

"பத்து வருஷமா? அவனுக்கு அவ்வளவு டைம் குடுத்தா இன்னும் சோம்பேறி ஆயிடுவான்," என்றார். நீல நோட்டிலிருந்து படிவத்தை எடுத்து, மடிப்பை நீவி, எர்த் சரியாக உள்ள வீட்டுக்குப் போடுகிற பழைய கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வராந்தாவில் வந்ததும் அத்தை நின்றார். கண்ணை முந்தானையால் துடைத்த கையோடு கேட்டார். "நாலேகாலுக்கு நான் எங்க இருந்தேன்?"

"தையல்காரம்மா வீட்டுக்குப் போயிருந்த."

"அதானே பார்த்தேன்! நான் வெளிய போற நேரம் பார்த்து வந்திருக்கான்."

பெட்டி வைத்து ஆறு வாரம் ஆகிறது. மாமனாரின் கன்னத்தில் ரத்தம் ஏறிவிட்டது. படி ஏறுகிறார். இரண்டு தட்டு சாப்பிடுகிறார். வாட்ச் பட்டை பழைய ஓட்டைக்குத் திரும்பிவிட்டது. அத்தையின் பாட்டை ஆயிரத்துப் பதின்மூன்று என்று எண் போட்டு, 'தாய் சொன்னது' என்று தலைப்பிட்டு நோட்டில் சேர்த்தார். அதன்பின் பக்கம் காலியாகவே இருந்தது. தினமும் நாலேகாலுக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார். என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தை மட்டும் அந்த நேரத்தில் வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

நேற்று மாலை மாமனாரின் குரல் வந்தது. "ஏம்மா, ஒரு பிரச்சனை. காதலி ரொம்ப ஆரோக்கியமா இருக்கா. இவளை வச்சு இனிமே உருக முடியாது."

"அப்ப என்ன மாமா பண்றது?"

"சண்டைதான் போடணும். அதுக்கும் பாட்டுல இடம் இருக்கு. அவன் நேரம் கெட்ட நேரத்துல வருவான், இவ கதவைச் சாத்திட்டு வாய்க்கு வந்தபடி திட்டுவா. இப்பதான் மூச்சு வாங்காம திட்டத் தெம்பு இருக்கு." பேனா மூடியைத் திறந்தார். "ஆனா திட்டத்தான் எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார். "ஏய், சொன்ன நேரத்துக்கு வராதவனை என்னன்னு திட்டறது?"

உள்ளே குழாய் நின்றது.

"எத்தனை வேணும்?" என்றபடி கையைத் துடைத்துக்கொண்டு வந்த அத்தை, நாற்காலியை இழுத்துச் சுவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். நான் புது நோட்டைப் பிரித்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தவனுக்கு நான்கு கை இருந்தும் காதைப் பொத்திக்கொள்ள ஒன்றுகூட ஒழிவில்லை.